ரெஜிஸ் உள்ளே தூங்குகிறார்

படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கிற வீட்டுவண்டிக்குப் பாதுகாப்பு இரண்டு வகை. ஒன்று இரும்பு, இன்னொன்று பொய். இரும்பை எவனும் கடப்பாரை போட்டு நெம்பிவிடலாம். பொய்யை நெம்பக் கொஞ்சம் மூளை வேண்டும், திருடனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. முப்பது வருஷம் பிரெஞ்சு ரயில்களில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள் சொல்கிறேன். மனுஷர்கள் எதை நம்புவார்கள், எதை நம்பமாட்டார்கள் என்று எனக்கு ஓரளவு தெரியும்.

இரும்பும் என் வண்டியில் குறைவில்லை. ஓட்டுகிற பக்கத்துக் கதவின் கைப்பிடியையும் எதிர்க்கதவின் கைப்பிடியையும் சாமான் கட்டும் பட்டையால் உள்ளிருந்து இழுத்துக் கட்டிவிடுவேன். பூட்டைத் திறந்தாலும் கதவு விரல் அளவு விலகாது. ஸ்டியரிங்கில் ஒரு கம்பி. வீட்டுப் பக்கத்துக் கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள். பிளாஸ்டிக் ஜன்னல்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டு. பெஞ்சுக்கு அடியில் தரையோடு சேர்த்து முடுக்கிய இரும்புப் பெட்டி. முன்கண்ணாடி ஓரத்தில் காலாவதியான அட்டைகளோடு ஒரு பழைய பர்ஸ் கிடக்கும். அத்தனையையும் மீறி வந்தவன் அதையாவது எடுத்துக்கொண்டு தொலையட்டும் என்று.

பொய் வாசலில் இருந்தது. படிக்குப் பக்கத்தில் நாற்பத்தாறாம் அளவில் ஒரு ஜோடி பூட்ஸ், பெரிய நாய்க்கான தண்ணீர்க் கிண்ணம், ஒரு சங்கிலி, மடக்கு நாற்காலி இரண்டு. நாய் கிடையாது. பூட்ஸ் பழைய சாமான் சந்தையில் வாங்கியது. என் கணவர் ரெஜிஸின் கால் நாற்பத்தொன்று. அதைப் பார்த்து எந்தத் திருடனும் பயப்படமாட்டான்.

ரெஜிஸ் செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அவர் போன முதல் குளிர்காலத்தில் நான் இப்படியெல்லாம் இல்லை. ஸ்பெயினில் நெடுஞ்சாலை ஓரத்து நிறுத்தத்தில் வண்டியைப் போட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். நல்ல சட்டை போட்ட ஒருத்தன் வந்து, "தனியாவா போறீங்க மேடம்? தைரியம்தான் உங்களுக்கு" என்றான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆமாம் என்றேன், மொராக்கோ வரைக்கும் போகிறேன் என்றும் சொன்னேன். கழிப்பறைக்குப் போய்விட்டு வருவதற்குள் கதவை நெம்பியிருந்தார்கள். கணினி போனது, கேமரா போனது, அதெல்லாம் போகட்டும். ரெஜிஸின் முகச்சவரப் பையும் போய்விட்டது. பிரஷ், ரேசர், பாதி தீர்ந்த சோப்பு. அந்த பிரஷ்ஷை எப்போதாவது எடுத்து முகர்ந்து பார்ப்பேன். அது எவனுக்கு என்ன உபயோகப்படும்? அடுத்த குப்பைத்தொட்டியில் வீசியிருப்பான். அந்த நிறுத்தத்தில் இருந்த குப்பைத்தொட்டி அத்தனையையும் கையால் கிளறிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அன்றைக்கு முடிவு செய்தேன், இனி தனியா என்று எவன் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வது. ரெஜிஸ் உள்ளே தூங்குகிறார்.

திருடனிடம் மட்டும் சொன்னால் போதாதா என்று கேட்கலாம். எங்கள் ஆட்களைப் பற்றித் தெரியாதவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். குளிருக்குப் பயந்து தெற்கே இறங்கி வரும் கிழடுகளுக்கு வேறு என்ன வேலை? எந்த நிறுத்தத்தில் தண்ணீர் நல்ல தண்ணீர், யாருக்கு முழங்கால் வலி, யார் தனியாக இருக்கிறாள் என்று நாள் முழுக்க ஃபோனில் ஒருத்தருக்கொருத்தர் எழுதிக்கொண்டே இருப்பார்கள். 'அக்லூ கடற்கரையில், சுவரோரம், வெள்ளை வண்டி, பாவம் ஜொசியான், ஒண்டியாக' என்று ஒருத்தி இரக்கப்பட்டு எழுதினால் போதும். அதனால் எல்லாரிடமும் ஒரே பொய்.

மொராக்கோவில், அக்லூவில், கடலுக்கு மேலே மேட்டில் ஒரு நிறுத்தம். காவலுக்கு பிஹி. ஐம்பது வயசு இருக்கும், பச்சை மேல்சட்டை, கையில் ஒரு விசில், அதை அவர் ஊதி நான் கேட்டதில்லை. வயசான ஆம்பிளை எல்லாரும் அவருக்கு ஹாஜியார்தான், மெக்காவுக்குப் போயிருக்கவேண்டும் என்ற கட்டாயமே இல்லை. தினம் காலையில் ரொட்டி கொண்டுவருவார். எனக்கு இரண்டு.

"ஹாஜியார் எந்திரிச்சாச்சா மேடம்?"

"எங்க. ராத்திரி பூரா முதுகு வலின்னு புலம்பிட்டு இப்பத்தான் கண்ணசந்தார்."

"அல்லாஹ் சுகத்தைக் கொடுக்கட்டும்." பிறகு மூடிய ஜன்னலைப் பார்த்துக் கொஞ்சம் குரல் உயர்த்தி, "சலாம், ஹாஜியார்" என்பார். பதில் வராது. அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாமல் நெஞ்சில் கைவைத்துவிட்டு நகர்வார்.

இரண்டாவது ரொட்டியை நான் ராத்திரி சூப்பில் ஊறவைத்துத் தின்பேன்.

பொய்யைக் காப்பாற்றுவதற்கு உழைக்கவேண்டும். வாரம் ஒரு தடவை ஆம்பிளைச் சட்டை இரண்டைத் துவைத்துக் காயப்போடுவேன், போடாத சட்டையையே திரும்பத் திரும்ப. கால்பந்து வர்ணனையைச் சத்தமாக வைப்பேன், எனக்கு அந்த விளையாட்டின் தலையும் தெரியாது வாலும் தெரியாது. சிகரெட் ஒன்றைப் பற்றவைத்து ஜன்னலோரச் சாம்பல் கிண்ணத்தில் வைத்துவிட்டு, அது தானாகப் புகைந்து முடிவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்புறம் சண்டை. தினம் ஒரு சண்டையாவது போட்டால்தான் புருஷன் இருப்பதாக ஊர் நம்பும்.

"ரெஜிஸ், அந்த ரேடியோவைக் கொஞ்சம் குறைச்சுத் தொலையேன். காது என்ன செவிடா?"

சொல்லிவிட்டு நானே குறைப்பேன்.

ஆனால் ஒரு நாள் இரண்டு நாள் என்றால் பரவாயில்லை. அவர் ஏன் வெளியே வருவதே இல்லை என்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே. முதுகுவலி போதவில்லை. அதனால் கோபக்காரர் ஆக்கினேன். மனுஷர்களைக் கண்டால் பிடிக்காது, யாராவது கதவைத் தட்டினால் எரிந்து விழுவார் என்று சொல்லிவைத்தேன். திருடர்களுக்கும் அது நல்ல சேதிதானே. இரண்டு மாதத்தில் ரெஜிஸ் அந்த நிறுத்தத்திலேயே மோசமான ஆளாகிவிட்டார்.

நிஜ ரெஜிஸ் எப்படிப்பட்டவர் தெரியுமா? வண்டி நின்றதும் முதலில் இறங்குகிறவர் அவர்தான். பக்கத்து வண்டிக்காரன் பெயரைக் கேட்டு, அவன் நாயின் பெயரைக் கேட்டு, இருட்டுவதற்குள் அவர்கள் மேசையில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருப்பார். சுருதி சுத்தமாகச் சேராது. திருடனே வந்திருந்தால்கூட முதலில் காப்பி போட்டுக் கொடுத்திருப்பார். அவரைப் போய் நான் இப்படி ஆக்கிவைத்தேன். ஒவ்வொரு தடவை அவரைப் பற்றி மோசமாகச் சொல்லும்போதும் உள்ளே ஒரு முள் குத்தும். குத்தட்டும், வண்டி பத்திரமாக இருக்கிறதே என்று இருந்தேன்.

எனக்குப் பக்கத்து வண்டி பிரான்ஸின் பிரித்தானிப் பக்கத்துத் தம்பதி. யான்னிக், மரிவோன். அவர் ஓய்வுபெற்ற மின்வாரியக்காரர், வாய் கொஞ்சம் அதிகம். அந்த அம்மாள் மெலிந்தவள், எதைச் சொன்னாலும் கையைத் தொட்டுத்தான் சொல்வாள். மாலை ஆறு மணிக்கு எங்கள் ஆட்கள் ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இரண்டு வண்டிகளுக்கு நடுவே கூடுவார்கள். சோம்பு மணக்கும் சாராயம், ஆலிவ், வறுத்த மத்தி மீன். நானும் போவேன். சரியாகப் பேச்சு சூடு பிடிக்கும் நேரத்தில் எழுந்துவிடுவேன்.

"அவருக்குச் சாப்பாடு போடணும்."

"கொஞ்சம் உக்காருங்க ஜொசியான்" என்பார் யான்னிக். "ஒரு நாள் அவரே எடுத்துப் போட்டுக்கிட்டா கை ஒடிஞ்சா போயிடும்?"

"அவரைப் பத்தி உங்களுக்குத் தெரியாது."

"அதான் தெரியவே விடமாட்டேங்கறாரே."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு வண்டிக்குள் வந்து இரண்டு தாழ்ப்பாளையும் போட்டுக்கொண்டு, பட்டையை இழுத்துக் கட்டி, விளக்கைப் போடாமல் உட்கார்ந்து, வெளியே அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எந்த நகைச்சுவைக்கு யார் சிரிப்பார்கள் என்று எனக்கு அத்துப்படி. தனிமை என்றால் யாருமில்லாத பாலைவனம் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் அப்படி உட்கார்ந்து பார்க்கவேண்டும்.

ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில் மரிவோன் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. அவர் உங்க மேல கை நீட்டுவாரா?"

"ச்சே, என்ன கேள்வி இது?"

"இல்ல, நீங்க கத்தறது கேக்குது. அவர் குரலே கேக்கலை. குரலே எழுப்பாம அடிக்கிறவங்கதான் மோசம். என் அக்கா புருஷன் அப்படித்தான்."

"ரெஜிஸ் அப்படி இல்ல."

"என் அக்காவும் இதேதான் சொல்லுவா." அவள் கண் கலங்கியிருந்தது. "விட்டுட்டு வந்துடுங்க ஜொசியான். இந்த வயசுல என்ன பயம்? தனியா இருந்தா செத்தா போயிடுவோம்?"

எனக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழவேண்டும் போல இருந்தது. சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. அவளுடைய மேல்சட்டைப் பையில் ஃபோன் துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை மாலை யான்னிக் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். கடற்கரையோரமாகத் தெற்கே இன்னொரு நிறுத்தத்தில் ஒரு டச்சுக்காரர் வண்டியில் கைவைத்துவிட்டார்களாம். கதவைத் தொடவில்லை, ஜன்னலைத் தொடவில்லை. கூரையில் காற்றுக்காக இருக்கிற மூடியைத் தூக்கிவிட்டு ஒருத்தன் இறங்கியிருக்கிறான்.

"ஒல்லிப் பையனா இருந்திருப்பான்" என்றார் யான்னிக். "நானெல்லாம் உள்ள போனா ஃபயர் சர்வீஸைக் கூப்பிட்டுத்தான் வெளிய எடுக்கணும்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் கையிலிருந்த ஆலிவைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். மூன்று வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கதவையும் ஜன்னலையும் பார்த்தவள், தலைக்கு மேல் இருந்த ஓட்டையை நினைத்துப் பார்த்ததே இல்லை. அன்று இரவு படுத்துக்கொண்டு அந்தப் பிளாஸ்டிக் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் பஸ் பிடித்துப் பக்கத்து நகரமான திஸ்னித் போய் ஓர் இரும்புப் பட்டையும் திருகாணிகளும் வாங்கிவந்தேன். மூடிக்குக் குறுக்கே பட்டையை முடுக்கிவிட்டால் யாரும் தூக்கமுடியாது. நான் திரும்பும்போது பிஹி ஜும்ஆ தொழுகைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார், வெள்ளை அங்கியில், தாடியைச் சீவிக்கொண்டு. காவல்காரர் இல்லாத நேரம் என்பதால் இரண்டு தாழ்ப்பாளையும் போட்டேன், முன்கதவுகளைப் பட்டையால் கட்டினேன், ஜன்னல்களையும் பூட்டினேன். பாலைவனப் பக்கமிருந்து சூடான காற்று வேறு வீசிக்கொண்டிருந்தது. ஃபோன் முன்னால் ஸ்டியரிங் பக்கத்தில் சார்ஜில் இருந்தது. மடக்கு ஸ்டூலை விரித்து ஏறினேன்.

மூன்றாவது திருகாணியில் ஸ்டூல் மடங்கியது.

பெஞ்சுக்கும் அடுப்புமேடைக்கும் நடுவே விழுந்தேன். இடுப்பில் ஏதோ உடைகிற சத்தத்தை என் காதாலேயே கேட்டேன். வலி வந்ததும் வாயில் வந்தது அவர் பெயர்தான்.

"ரெஜிஸ்! ரெஜிஸ்!"

நடிப்பு இல்லை. முப்பத்தொன்பது வருஷப் பழக்கம். மறுபடியும் மறுபடியும் அவரைத்தான் கூப்பிட்டேன்.

வெளியே யான்னிக்கும் மரிவோனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டில் முள்கரண்டி படுகிற சத்தம்கூடக் கேட்டது, அவ்வளவு பக்கம்.

"ஆரம்பிச்சாச்சு" என்றார் யான்னிக்.

"இன்னைக்கு ரொம்ப மோசமா இருக்கே" என்றாள் மரிவோன்.

"புருஷன் பொண்டாட்டி விஷயம். நாம மூக்கை நுழைக்கக் கூடாது."

எங்கள் ஆட்களுக்குள் ஒரு மரியாதை உண்டு. வண்டிச் சுவர் அட்டை மாதிரி, எல்லாம் கேட்கும். அதனால் பக்கத்து வண்டியில் சண்டை என்றால், உங்களுடையது எங்கள் காதில் விழவில்லை என்று காட்டுவதற்காகத் தங்கள் ரேடியோவைக் கூட்டிவைப்பார்கள். நானும் எத்தனையோ பேருக்கு அப்படிக் கூட்டிவைத்திருக்கிறேன். யான்னிக் எழுந்து போனார். ரேடியோவில் ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள், அவள் குரல் மேலே ஏறியது. நான் இன்னும் சத்தமாகக் கத்தினேன். அவர் இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

அந்தப் பாட்டு முடிந்து அடுத்த பாட்டும் வந்தது. கதவு என் காலிலிருந்து ஒரு முழம்தான் இருக்கும். கையை நீட்டினால் தாழ்ப்பாள் எட்டவில்லை, உடம்பை நகர்த்தினால் கண் இருட்டியது. நான் போட்ட தாழ்ப்பாள், நான் கட்டிய பட்டை, நான் பூட்டிய ஜன்னல். இப்படியே இருந்தால் இங்கேயே செத்துப்போவேன் என்று தெளிவாகத் தெரிந்தது. நாளைக் காலையில் பிஹி இரண்டு ரொட்டியோடு வந்து, தூங்குகிறார்கள் போலிருக்கிறது என்று படியில் வைத்துவிட்டுப் போவார். பயத்தில் கத்தக்கூட முடியாமல் அழுதேன்.

அந்த அழுகைதான் மரிவோனை எழுப்பியிருக்கவேண்டும். ரேடியோ நின்றது. கதவில் மெல்லத் தட்டும் சத்தம்.

"ஜொசியான்? என்ன ஆச்சு?"

"விழுந்துட்டேன். இடுப்பு போச்சு. எந்திரிக்க முடியல."

"ஐயோ. ரெஜிஸைக் கதவைத் திறக்கச் சொல்லுங்க."

நான் பேசவில்லை. அந்த நிலைமையிலும் பேசவில்லை. மூன்று வருஷம் கட்டிக்காத்த பூட்டு அது, வாய் திறக்க மறுத்தது.

"ஜொசியான்? அவர் பக்கத்துல இருக்காரா?"

"அவரால முடியாது."

"முடியாதுன்னா? முதுகு வலியா? தாழ்ப்பாளைத் தள்ளக்கூடவா முடியாது?"

அப்போது யான்னிக் வந்துவிட்டார். உள்ளங்கையால் கதவை அறைந்தார், வண்டியே ஆடியது.

"ரெஜிஸ், கேக்குதா உங்களுக்கு? கதவைத் திறங்க." கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். "யோவ், உன் பொண்டாட்டி தரையில கிடந்து அழறா. நீ உள்ள உக்காந்து வேடிக்கை பாக்கறியா? ரெண்டு மாசமா உன் யோக்கியதையைக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம். நீயெல்லாம் ஒரு ஆம்பிளையா? நீதான் தள்ளிவிட்டியா? சொல்லுடா, தள்ளிவிட்டியா?"

மற்ற வண்டிகளிலிருந்தும் ஆட்கள் வருவது காலடியில் கேட்டது. யாரோ, "அந்தாளு ஒரு மிருகம்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றார்கள். இன்னொரு குரல் ஆமாம் போட்டது.

என் உயிருக்காக நான் வாயைத் திறக்கவில்லை, அது உண்மை. ரெஜிஸை மிருகம் என்றதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. சாகிற நேரத்தில்கூட, தலையணையைச் சரி செய்த நர்ஸிடம் உன் பெயர் என்னம்மா என்று கேட்ட மனுஷன்.

"அவரைத் திட்டாதீங்க" என்று கத்தினேன். எங்கிருந்து அவ்வளவு குரல் வந்தது என்று தெரியவில்லை. "அவரைத் திட்டாதீங்க. ரெஜிஸ் செத்துட்டார்."

வெளியிலிருந்து கைப்பிடியை யாரோ ஆட்டிப் பார்த்தார்கள்.

"என்ன சொன்னீங்க?" யான்னிக்கின் குரல் மாறியிருந்தது.

"செத்துட்டார். இங்க நான் ஒருத்திதான் இருக்கேன். யாருமில்ல. தனியாத்தான் இருக்கேன்."

சொல்லிவிட்டேன். நிறுத்தம் முழுக்கக் கேட்கிற மாதிரி, எந்தத் திருடன் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளட்டும் என்கிற மாதிரி.

ஆனால் அவர்கள் காதில் முதல் பாதிதான் விழுந்தது. உள்ளே இப்போதுதான் ஒருத்தர் செத்துப்போய்விட்டார் என்று நினைத்தார்கள். அப்புறம் பார்க்கவேண்டுமே. பெண்பிள்ளை இடுப்பொடிந்து கிடந்தபோது மெல்லத் தட்டிக்கொண்டிருந்தவர்கள், பிணம் என்றதும் நாலாபக்கமும் ஓடினார்கள். யான்னிக் முன்கதவை இழுத்துப் பார்த்தார். பட்டை விடவில்லை. யாரோ கார் எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் பறந்தார்கள். பிஹி வெள்ளை அங்கியோடு ஓடிவந்து, டயர் கழற்றும் கம்பியால் சமையல் ஜன்னலை நாலே அடியில் பெயர்த்தெடுத்தார். என் ஜன்னல் பூட்டைப் பற்றி அதற்கு மேல் நான் பெருமை பேசுவதற்கில்லை.

அவர் அடுப்புமேடை வழியாக இறங்கி, என்மேல் கால் படாமல் தாண்டினார். என்னைப் பார்த்தார், ஆனால் நிற்கவில்லை. உயிரோடு இருக்கிறவள் கொஞ்சம் பொறுக்கலாம் என்று நினைத்திருப்பார். பின்னால் போய்ப் படுக்கைத் திரையை விலக்கினார். கழிப்பறைக் கதவைத் திறந்தார். மேல்தட்டுப் படுக்கையையும் எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து தாழ்ப்பாள்களை நீக்கிவிட்டு, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"மேடம், ஹாஜியார் எங்க?"

"சான் காந்தான்ல. எங்க ஊர்ல. கல்லறையில இருக்கார் பிஹி, மூணு வருஷமா."

அவர் படுக்கைப் பக்கத்து ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் தினமும் சலாம் சொன்னேனே."

"நான் கேட்டேன்."

"திருடனுக்காகவா?"

"ஆமா. திருடனுக்காக."

வாசலில் யான்னிக் நின்றுகொண்டிருந்தார், முகம் சிவந்துபோய். அவருக்குப் பின்னால் ஏழெட்டுத் தலை. சிரிப்பார்கள், அல்லது கோபப்படுவார்கள் என்று நினைத்தேன். இரண்டு மாதம் காதில் பூ சுற்றியிருக்கிறேன், கோபப்பட்டால் நியாயம்தான். பிஹி என் வலது கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்" என்றார், சாவுச் செய்தி கேட்டதும் அவர்கள் சொல்கிற வார்த்தை. "அல்லாஹ் அவருக்கு இடத்தை விசாலமாக்கட்டும். உங்களுக்குப் பொறுமையைக் கொடுக்கட்டும் மேடம்."

"அது மூணு வருஷம் ஆச்சு பிஹி."

"உங்களுக்கு. எங்களுக்கு இன்னைக்குத்தானே."

மரிவோன் உள்ளே வந்து குனிந்து என் நெற்றியில் முத்தமிட்டாள். அழுதாள். அவளுக்குப் பிறகு வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருத்தராகப் படியேறி, அந்த நெருக்கடியில் குனிந்து, என் கையைத் தொட்டு, வருத்தமாக இருக்கிறது ஜொசியான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என் ஊரில் அடக்கத்துக்கு வந்தவர்கள் ஐந்து பேர். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அடக்கம் முடிந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டு வண்டியை எடுத்துவிட்டேன், துக்கம் கேட்க வந்தவர்கள் பூட்டைத்தான் பார்த்திருப்பார்கள். இங்கே, உடைந்த பிளாஸ்டிக்குக்கு நடுவே, ஒரு பக்கம் இடுப்பு கொன்றுகொண்டிருக்க, முதல் தடவையாக ஒரு விதவைக்குச் செய்யவேண்டியதை எனக்குச் செய்தார்கள்.

யான்னிக் கடைசியாக வந்தார்.

"நான் அவரை என்னென்னவோ சொல்லிட்டேன்."

"நான் சொன்னதைவிடக் கம்மிதான்" என்றேன்.

ஆம்புலன்ஸ் வந்தது. திஸ்னித்தில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு அகாதிருக்கு அனுப்பினார்கள். மறுநாள் அறுவை, அது முடிந்ததும் காப்பீட்டுக்காரர்கள் விமானத்தில் பிரான்ஸுக்கு ஏற்றிவிடுவார்களாம். வண்டியை அப்புறம் யாராவது ஓட்டிவருவார்களாம். ஃபோனில் பேசிய பெண் எல்லாவற்றையும் கணீரென்று சொன்னாள். அங்கே உங்களைக் கூட்டிப்போக யார் வருவார்கள் மேடம் என்று கேட்டாள். யாரும் வரமாட்டார்கள், நான் தனி என்றேன். இப்போது அது சுலபமாக வாயில் வந்தது.

மாலையில் பிஹியின் மனைவி இஜ்ஜா வந்தாள், மச்சானின் காரில், துணியில் சுற்றிய பெரிய தட்டோடு. எங்களுக்குள் பாஷை கிடையாது. மச்சான்தான் சொன்னார்.

"சாவு வீட்டுல அடுப்பு எரியக்கூடாதுங்க. பக்கத்து வீட்டுக்காரங்கதான் சோறு கொண்டுவரணும். அதான் குஸ்குஸ், எங்க ரவைச் சோறு."

எனக்கு மறுநாள் அறுவை என்பதால் டாக்டர் இரண்டு வாய்க்கு மேல் விடவில்லை. அந்த இரண்டு வாயையும் இஜ்ஜா கையால் உருட்டி ஊட்டினாள். பிறகு அவர்களும் புறப்பட்டுவிட்டார்கள், அக்லூ தூரம். அறையில் இன்னொரு கட்டில் இருந்தது, அது காலி. ஜன்னல் வழியே கட்டடச் சுவர் ஒன்று தெரிந்தது. எத்தனையோ சாயங்காலம் வண்டிக்குள் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் அங்கே பக்கத்தில் பேச்சுச் சத்தமாவது இருக்கும்.

ஃபோன் அடித்தது. மரிவோன்.

"உங்க வண்டிக்குக் கவலைப்படாதீங்க. ஜன்னல் தொறந்து கிடக்குதேன்னு நாங்க எல்லாரும் நாற்காலியை இங்கயே போட்டுட்டோம். புது ஜன்னல் மாட்டற வரைக்கும் ஆள் மாத்தி ஆள் உக்காரப்போறோம். யான்னிக் ஏதோ கேக்கறார், இருங்க."

"ஜொசியான்" என்றார் யான்னிக். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நிஜமா அவர் எப்படி இருப்பார்?"

சொன்னேன். குள்ளமாக இருப்பார், எல்லாரிடமும் பேசுவார், நாய்களின் பெயர்கூட மறக்காது, பாடுவார், கேட்கச் சகிக்காது என்று சொன்னேன். அங்கே யாரோ சிரித்தார்கள். நான் சொன்னதையே இன்னொரு தடவை சொன்னேன்.

"களைச்சுப் போயிட்டீங்க" என்றாள் மரிவோன். "தூங்குங்க. வச்சிடறேன்."

"வைக்காதீங்க" என்றேன். "என்கிட்ட பேச வேண்டாம். ஃபோனை அப்படியே மேசையில வச்சிட்டு, நீங்க உங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டிருங்க."